வேஃபேரர் பாய்மரப் படகு: கழிமுகத்தில் வைத்து ஒரு மதிப்பீடு

பாய்மரப் படகுகளைப் பற்றி வரும் மதிப்பீடுகள் பெரும்பாலும் வேகத்தில் தொடங்கி வேகத்திலேயே முடிந்துவிடுகின்றன. அகன்ற ஏரிக்கும் பந்தயத் தளத்துக்கும் அது பொருந்தலாம். ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் ஓட்டுவதற்குப் படகு தேடுகிறவருக்கோ வேகம் நான்காவது, ஐந்தாவது கவலையாகத்தான் இருக்க முடியும். கடல்நீர் ஏறி இறங்குவதை ஓதம் என்பார்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்த உயர் ஓதத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. இந்த இடைவெளியில், காலையில் படகு மிதந்த இடம் மதியத்தில் சேற்றுத் திட்டாகிவிடும். மாலையில் மீண்டும் ஆள் மூழ்கும் ஆழமாகிவிடும். ஆகவே இங்கே படகிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எவ்வளவு குறைந்த நீரில் அது மிதக்கும்? தரைதட்டினால் நேராக உட்காருமா, ஒருபுறம் சாய்ந்து விழுமா? குறுக்கே பாலம் வந்தால் பாய்மரத்தை மடக்க முடியுமா? காற்று நின்றுவிட்டால் துடுப்புக்கு அசையுமா? இக்கேள்விகளை வைத்துக்கொண்டுதான் வேஃபேரர் என்ற படகை இங்கே மதிப்பிடுகிறேன்.

இதை 1957-இல் வடிவமைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் புரோக்டர். அலுமினியப் பாய்மரங்களைப் பரவலாக்கியவர்களுள் ஒருவரும், பின்னாளில் சிறுவர் பயிற்சிக்குப் பெயர்பெற்ற டாப்பர் படகை வடிவமைத்தவரும் இவரே. வேஃபேரரின் நீளம் 4.82 மீட்டர், அகலம் 1.85 மீட்டர், வெற்று உடலின் எடை 169 கிலோ. தொடக்கத்தில் பிளைவுட்டில் கட்டப்பட்ட இப்படகு பிறகு ஃபைபர் கிளாஸுக்கு மாறியது. இதுவரை 10,000-க்கும் அதிகமான படகுகள் கட்டப்பட்டுள்ளன. பயிற்சிப் பள்ளிகள் விரும்பி வாங்கியதால் அடிபட்டும் உழைக்கும் படகு என்ற பெயர் இதற்கு உண்டு. அந்தப் பெயரே ஒரு வகையில் இதற்குப் பாதகமாகவும் ஆகிவிட்டது: கற்றுக்கொள்கிறவர்களின் படகு என்று ஒதுக்கிவிட்டு, பளபளப்பான வேறொன்றைத் தேடிப் போகிறவர்கள் பலர்.

கழிமுகத்துக்கு இப்படகு பொருந்துவதற்கு முதற்காரணம் அதன் அடிப்பகுதி. உடலின் இருபக்கங்களும் இரண்டு மடிப்புகளாக உடைந்து இறங்கி, ஏறக்குறைய தட்டையான அடியில் சேர்கின்றன. படகு பக்கவாட்டில் நழுவாதபடி அடியில் இறக்கும் நடுப்பலகையையும் சுக்கானையும் தூக்கிவிட்டால் சுமார் 20 சென்டிமீட்டர் நீர் இருந்தாலே மிதக்கும்; நீர் முழுவதும் வடிந்தாலும் அதிகம் சாயாமல் சேற்றின் மேல் அப்படியே அமர்ந்துவிடும். ஆழமான அடிக்கட்டை கொண்ட படகு வற்றத்தில், அதாவது ஓதம் இறங்கும் வேளையில், மாட்டினால் பக்கவாட்டில் படுத்துவிடும். ஏற்றம் திரும்பும்போது அது நிமிர்வதற்கு முன்பே உள்ளே நீர் புகும் அபாயமும் உண்டு. வேஃபேரரில் இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. காத்திருப்பது மட்டுமே வேலை.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஓதம் ஒரே சீராக இறங்குவதில்லை. மாலுமிகள் பயன்படுத்தும் பன்னிரண்டில் ஒருபங்குக் கணக்கின்படி, முதல் மணியில் மொத்த இறக்கத்தில் 12-இல் 1 பங்கும், இரண்டாம் மணியில் 2 பங்கும், மூன்றாம் நான்காம் மணிகளில் 3 பங்கு வீதமும், பிறகு 2 பங்கும் 1 பங்கும் வடிகின்றன. மொத்த ஏற்றத்தாழ்வு 3.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நடு இரண்டு மணி நேரங்களில் மணிக்கு 90 சென்டிமீட்டர், அதாவது பத்து நிமிடத்துக்கு 15 சென்டிமீட்டர் நீர் குறைகிறது. 20 சென்டிமீட்டரில் மிதக்கும் படகாக இருந்தாலும், அந்த வேளையில் தரைதட்டினால் இறங்கித் தள்ளுவதற்குக் கிடைப்பது ஓரிரு நிமிடங்களே. உயர் ஓதம் கழிந்து ஒரு மணி நேரத்தில் மாட்டிக்கொண்டால் மீண்டும் மிதக்கப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெருவோதத்தின் உச்சியில் ஒரு திட்டின் மேல் ஏறி அமர்ந்துவிட்டாலோ அடுத்தடுத்த ஓதங்கள் அந்த உயரத்தை எட்டாமலே போகலாம். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து வரும் அடுத்த பெருவோதம் வரை படகு அங்கேயே கிடக்க நேரும். எந்தப் படகும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஆனால் அடி தட்டையாக இருக்கும் படகு, தவறான கணக்குக்கு வசூலிக்கும் அபராதத்தை நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறது. உடலுக்கும் உயிருக்கும் போவதில்லை.

நடுப்பலகை, மேலிருந்து நேராகச் செருகும் வகையன்று. ஓர் அச்சில் ஊசலாடிப் பின்னோக்கி மடியும் வகை. முழுவதும் இறக்கினால் நீருக்குள் சுமார் 1.17 மீட்டர் நீளும். கழிமுகத்தில் இதைவிடப் பயனுள்ள ஆழமானி கிடையாது என்பது என் எண்ணம். மின்னணுக் கருவி படகுக்கு அடியில் உள்ள ஆழத்தைத் திரையில் காட்டுகிறது. நடுப்பலகை திட்டின் விளிம்பைத் தொட்டதும் மெல்லிய உறுமலுடன் தானே மடிந்து, திரும்பு என்று கைக்கும் காலுக்கும் உணர்த்துகிறது. வற்றத்தின் எதிர்நீரோட்டத்தைத் தவிர்க்க வேண்டுமானால் நடுக்கால்வாயை விட்டு, ஓட்டம் தளர்ந்திருக்கும் ஓரத்து ஆழமற்ற மேட்டுநீரை ஒட்டியே ஓட்ட வேண்டும். அப்போது பலகை பாதி இறங்கிய நிலையில் அடிக்கடி தரையைத் தொட்டுக்கொண்டே வருவது குறையன்று, வழிகாட்டல். ஆற்று வளைவுகளில் வெளிப்புறம் ஆழமும் உட்புறம் திட்டுமாக இருக்கும் என்ற பொதுவிதியோடு இதைச் சேர்த்துக்கொண்டால், வரைபடத்தில் குறிக்கப்படாத சிறு கிளைகளுக்குள்ளும் துணிந்து நுழையலாம்.

இதே நடுப்பலகைதான் இப்படகின் பலவீனமும். சேற்றிலோ கூழாங்கல் கரையிலோ படகு அமரும்போது, பலகை மடிந்து கிடக்கும் நீண்ட பிளவுக்குள் சேறும் சிறு கற்களும் அழுந்திப் புகுந்துவிடுகின்றன. மீண்டும் மிதந்ததும் பலகையை இறக்க முயன்றால் அது அசையாது. பலகை இறங்காத பாய்மரப் படகு காற்று தள்ளும் திசைக்கே போகும். எதிர்க்காற்றில் ஓரடியும் ஏறாது. குறுகிய கால்வாயில் இது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை, ஆபத்தாகவும் மாறலாம். பலகையைக் கீழ்நோக்கி இழுக்கத் தனியாக ஒரு கயிறு பொருத்துவதும், கரையேறும் முன் கல் இல்லாத மென்சேற்றைத் தேர்ந்தெடுப்பதும் நீண்ட பயணம் செய்பவர்கள் கையாளும் தீர்வுகள். பிளவின் வாயை மூடும் ரப்பர் பட்டை நல்ல நிலையில் இருந்தால் பாதிப் பிரச்சினை எழுவதே இல்லை. பட்டை கிழிந்திருந்தால் முதல் வேலையாக அதை மாற்றிவிட வேண்டும்.

சுக்கானின் அலகும் மடியக்கூடியதே. அலகைக் கீழே பிடித்துவைக்கும் கயிற்றை உறுதியாகக் கட்டிவிட்டு மறந்துபோவது புதியவர்கள் பலரும் செய்யும் காரியம். தரை தட்டியதும் அலகு மேலெழ வழி இல்லாமல், சுக்கானின் தலைப்பகுதியோ அதைத் தாங்கும் கீல்களோ பிளந்துகொள்ளும். அழுத்தம் வந்தால் தானாக விடுபடும் கவ்வியோ, எளிதில் அறுந்துபோகும் மெல்லிய நூலோ அந்தக் கயிற்றின் நடுவில் இருக்க வேண்டும். அலகு பாதி எழுந்த நிலையில் சுக்கான் பிடி மிகவும் கனத்துப்போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆழமற்ற நீரில் நெடுநேரம் ஓட்டினால் தோள் வலிக்கும்.

பெரிய பாயும் முன்பாயும் சேர்ந்து ஏறத்தாழ 13 சதுர மீட்டர் பரப்பு உடையவை. இரண்டு பேருக்கு மிதமான காற்றில் இது போதுமானது. காற்று வலுத்தால் படகு நீரைக் கிழிப்பதை விட்டு மேலெழுந்து சறுக்கத் தொடங்கும் அளவுக்கு உற்சாகமும் உண்டு. ஸ்பின்னேக்கர் என்னும் பலூன் பாயைக் கழிமுகத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். நங்கூரமிட்ட படகுகளும் வளைவுகளும் நிறைந்த இடத்தில் அது தரும் வேகத்தைவிடத் தரும் வேலை அதிகம். வேகத்தைக் கூட்டும் பாய்களைவிடப் பாயைச் சுருக்கும் வசதியே இங்கு முக்கியம். பழைய படகுகளில், பெரிய பாயின் அடியோரத்தைத் தாங்கும் கீழ்க்கழியைச் சுழற்றிப் பாயை அதன் மேல் சுருட்டும் முறை இருந்தது. இப்போது பாயில் வரிசையாக அமைந்த துளைகளில் கயிறு கோத்து, ஒரு மடிப்பைக் கீழே இழுத்துக் கட்டும் முறையையே பலரும் விரும்புகின்றனர். ஓடும் நிலையிலேயே, ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்க மற்றவர் பாயைச் சுருக்கிவிடலாம் என்பதால் என் வாக்கும் இரண்டாவதற்கே.

பாய்மரத்தின் அடி ஒரு கீலில் நிற்கும்படி அமைந்திருப்பது இப்படகின் சிறந்த ஏற்பாடுகளில் ஒன்று. முன்னாலுள்ள கயிற்றைத் தளர்த்தி, நீரில் மிதந்தபடியே பாய்மரத்தைப் பின்னோக்கிச் சாய்த்துப் படுக்கவைத்துவிடலாம். கழிமுகத்திலிருந்து மேலே ஏறினால் சாலைப் பாலங்களும் இரயில் பாலங்களும் வந்தே தீரும். பெரிய பாய்ப்படகுகள் அங்கே நின்றுவிட, வேஃபேரர் பாய்மரத்தை மடக்கிவிட்டுத் துடுப்பில் நுழைந்து மறுபுறம் சென்று மீண்டும் நிமிர்ந்துகொள்ளும். பாலத்தின் தூண்களுக்கிடையே நீரோட்டம் குவிந்து விரையும் என்பதால் இதை ஓதம் தணிந்திருக்கும் வேளையில் செய்வதே நல்லது. துடுப்புப் போட இந்தப் படகு சற்றே அகலம் என்றாலும், காற்றில்லாத மாலையில் நீரோட்டத்தோடு சேர்ந்து ஒருவரால் கரை சேர்க்க முடியும். நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்பு வலிப்பதில் பயனில்லை. அப்போது நங்கூரமே துணை. பின்பலகையில் இரண்டு குதிரைத்திறன் அளவிலான சிறு இயந்திரத்தைப் பொருத்திக்கொள்வோரும் உண்டு. அதன் எடை பின்பக்கத்தில் ஏறுவதால் படகு வால் தாழ்ந்து மந்தமாகிவிடுகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. இருந்தாலும், பெரிய கப்பல்கள் வந்துபோகும் கால்வாயைக் கடக்க வேண்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குறுகிய கால்வாயில் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லக்கூடிய கப்பலுக்குப் பாய்மரப் படகும், 20 மீட்டருக்குக் குறைந்த எந்தப் படகும் தடையாக இருக்கக் கூடாது என்பது பன்னாட்டுக் கடல் விதிகளின் ஒன்பதாம் விதி. காற்று நின்றுபோனதைக் கப்பல் தலைவரிடம் காரணமாகச் சொல்ல முடியாது.

கழிமுகத்தின் வாயில் இப்படகு எப்படி நடந்துகொள்கிறது என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். வற்றம் கடலை நோக்கி விரையும்போது கடற்காற்று எதிரே அடித்தால், அலைகள் குறுகிச் செங்குத்தாக எழுகின்றன. முகத்துவாரத்து மணல்மேட்டின் மேல் அவை உடைந்தும் விழுகின்றன. அரைமணி நேரத்துக்கு முன் அமைதியாக இருந்த அதே நீர்தான் இது. காற்றின் வலிமை மாறியிருக்க வேண்டியதே இல்லை, ஓதம் திரும்பினாலே போதும். வேஃபேரரின் அணியம், அதாவது முன்முனை, உயர்ந்தும் பருத்தும் இருப்பதால் அலைக்குள் மூக்கை விடாமல் ஏறி இறங்குகிறது. ஆனால் மேல்தளம் மூடாத படகு என்பதால் தெறிக்கும் நீரெல்லாம் உள்ளேதான் வரும்.

ஃபிராங்க் டை என்ற ஆங்கிலப் படகோட்டி இப்படகில் செய்த பயணங்களை இங்கே பலரும் மேற்கோள் காட்டுவார்கள். வாண்டரர் எனப் பெயரிட்ட தம் வேஃபேரரில் அவர் 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும், 1964-இல் நார்வேக்கும் ஒரே ஒரு துணைவருடன் சென்றார். நார்வேப் பயணத்தில் புயலில் பாய்மரம் முறிந்து, படகு பலமுறை கவிழ்ந்தும் மீண்டார். அந்தப் படகு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. இந்த வரலாறு படகின் உறுதிக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. அது படகோட்டியின் திறமைக்கும் மனத்திண்மைக்கும் இன்னும் பெரிய சான்று. வாங்குகிறவர் படகோடு சேர்த்து ஃபிராங்க் டையையும் வாங்கிவிட முடியாது என்பதால், முகத்துவாரத்தைத் தாண்டுவதை ஏற்றம் முடிந்து நீர் நிலைத்து நிற்கும் வேளைக்கு வைத்துக்கொள்வதே முறை.

கவிழ்வதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். அகலமான படகு என்பதால் எளிதில் கவிழாது. கவிழ்ந்தால் பக்கவாட்டில் நிற்காமல் தலைகீழாகத் திரும்பிவிடும் போக்கு இதற்கு உண்டு. ஆழம் குறைந்த கழிமுகத்தில் அப்படித் திரும்பினால் பாய்மரத்தின் உச்சி சேற்றில் குத்தி நிற்கும், நீரோட்டம் உடலைத் தள்ளும், பாய்மரம் வளையும். உச்சியில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டால் இது பெரும்பாலும் நடக்காது. பார்வைக்கு அழகில்லை என்று இதைக் கழற்றி வைப்பவர்களின் ரசனையோடு எனக்கு உடன்பாடில்லை. நிமிர்த்திய பின் பழைய வகைகளில் தளம் முழுவதும் நீர் நிறைந்திருக்கும். வாளியால் இறைக்க வேண்டும். பிந்தைய வகைகளில் நீர் தானே வடியும்படி தளம் உயர்த்தி அமைக்கப்பட்டுள்ளது.

அந்த உயர்ந்த தளம் வேறொன்றைப் பறித்துக்கொள்கிறது. பழைய படகில் நடுப்பலகைப் பெட்டியின் இருபுறமும் மரத்தளத்தில் ஆளுக்கொரு பக்கமாக இருவர் படுத்துக்கொள்ளலாம். கீழ்க்கழியின் மேல் கூடாரத் துணியைப் போர்த்தி ஓரங்களில் கட்டிவிட்டால் அதுவே வீடு. அணியத்திலும் பின்பக்கத்திலும் உள்ள காற்றறைகளுக்கு மூடிகள் இருப்பதால் போர்வை, அடுப்பு, உலர்ந்த துணிகள் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும். கழிமுக வாழ்க்கையின் உண்மையான சுகம் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லத் தயங்க மாட்டேன்: விடுதியையோ படகுத்துறையையோ நம்பாமல், நீர் வடியும் ஏதோ ஒரு சிறு கிளைக்குள் நுழைந்து நங்கூரத்தைப் போட்டுவிட்டு, படகு தானே தரையில் அமர்ந்து ஆடாமல் நிற்க, கரைப்பறவைகள் சேற்றைக் கிளறும் சத்தத்தில் உறங்கலாம். நங்கூரத்தின் முனையில் சில மீட்டர் சங்கிலி இருக்கட்டும்; நள்ளிரவில் ஏற்றம் திரும்பும்போது படகு எதிர்த்திசையில் சுழலும், அந்த இழுப்பில் கயிறு மட்டும் கட்டிய நங்கூரம் பெயர்ந்துவிடக்கூடும்.

எடைதான் எனக்குள்ள பெரிய மனக்குறை. 169 கிலோ என்பது வெற்று உடலின் எடை. பாய்மரம், பாய்கள், நங்கூரம், மூட்டைகள் சேர்ந்தால் இருவரால் தூக்கக்கூடிய பொருளாக அது இருக்காது. வழுக்கும் இறங்குதளத்தில் இருவர் சக்கர வண்டியில் வைத்து இறக்கிவிடலாம். வற்றத்தில் திரும்பி வந்து, இறங்குதளத்துக்கும் நீருக்கும் இடையே முழங்கால் சேறு கிடந்தால் அந்த வண்டியாலும் பயனில்லை. காற்றடைத்த உருளைகளைப் படகுக்கு அடியில் வைத்து உருட்டுவது ஓரளவு உதவும். தனியாகவே ஓட்ட விரும்புபவர்கள் இதையெல்லாம் மனத்தில் கொள்ள வேண்டும்: வேஃபேரரைத் தனியாளாக ஓட்டலாம், தனியாளாகக் கரையேற்றுவதும் கவிழ்ந்தபின் நிமிர்த்துவதும் கடினம்.

இதே வேலைக்குப் பலர் ஒப்பிடுவது டிராஸ்கோம் லக்கர். ஜான் வாட்கின்சன் வடிவமைத்த இப்படகு வேஃபேரரைவிட நீளமும் கனமும் கொண்டது. பின்பக்கத்தில் ஒரு சிறு பாய் இருப்பதால், பெரிய பாயை இறக்கிவிட்டுக் காற்றை நோக்கி அமைதியாக நிற்கும். கீழ்க்கழி இல்லாததால் தலையில் அடிபடும் பயமும் இல்லை. பரபரப்பை விரும்பாதவர்களுக்கு அது உயர்ந்த படகு. ஆனால் அதன் சுக்கான் உடலிலுள்ள துளை வழியாகக் கீழே இறங்குவது. மேட்டுநீரில் அதை முழுவதுமாக மேலே உருவிவிட்டுத் துடுப்பால் திசை காட்ட வேண்டியிருக்கிறது. எதிர்க்காற்றில் ஏறும் திறமையும் வேஃபேரருக்கு ஈடாகாது. காற்றும் நீரோட்டமும் எதிராகிவிட்ட நிலையில் குறுகிய கால்வாயில் வளைந்து வளைந்து வீடு திரும்ப வேண்டிய நாட்கள் கழிமுகத்தில் அதிகம் என்பதால், நான் வேஃபேரரின் பக்கம் நிற்கிறேன். 3.3 மீட்டர் நீள மிரர் படகு தூக்குவதற்கு எளிது, சிறுவர்களுக்கு இனியது. இரண்டு பெரியவர்களும் ஓர் இரவுக்கான மூட்டையும் அதில் அடங்குவது சிரமம்.

எந்த வகையை வாங்குவது என்று கேட்டால், பகலில் ஓட்டிவிட்டு மாலையில் வீடு திரும்புகிறவருக்குத் தானே நீர் வடியும் புதிய வகையும், படகிலேயே தங்கிப் பயணம் செய்ய நினைப்பவருக்குப் பழைய வகையும் பொருந்தும். பழையதை வாங்கும் முன் காற்றறை மூடிகளின் ரப்பரை அழுத்திப் பார்க்க வேண்டும். மூடி கசிந்தால் கவிழும் நாளில் படகை மிதக்கவைக்கும் அறையே நீர்த்தொட்டியாகிவிடும். நடுப்பலகைப் பெட்டி அடித்தளத்தோடு சேரும் மூட்டிலும், பாய்மரக் கீலின் அடியிலும் விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பது அவசியம். பிளைவுட் படகானால் முன்தளத்தின் உட்புறத்தையும் பின்பலகையின் மூலைகளையும் மழுங்கிய கத்தி முனையால் குத்திப் பார்க்கலாம். மரம் மெத்தென்று உள்வாங்கினால் விலையைப் பேசுவதை விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். பாய் பழசாக இருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். கடைசியாகப் படகை விட்டுக் கீழே குனிந்து டிரெய்லரின் சக்கரங்களைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். உப்புநீரில் பலமுறை முக்கியெடுத்த டிரெய்லரில் பேரிங்குகள் கரகரக்கும். படகை நீருக்குள் இறக்கத் தனிக் கைவண்டியும், அதை ஏற்றிச் செல்லச் சாலை டிரெய்லரும் சேர்ந்து கிடைக்குமானால் அந்தப் படகுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் நட்டமில்லை.